கடல் கடந்த கடன்: மரச்சிற்பிகளின் கொடுக்கல் வாங்கல்

பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள கரைகளில் மரம் செதுக்கும் தொல்குடிகள் பலர் வாழ்கிறார்கள். நியூசிலாந்தில் மாவோரிகள், வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஹைடா, ட்லிங்கிட், ஹைஸ்லா முதலிய மக்கள், நடுக்கடலில் ஹவாய்த் தீவினர், ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் ஐனுக்கள். கடந்த சுமார் அரை நூற்றாண்டில் இவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போயிருக்கிறார்கள். ஒருவர் காட்டு மரத்தில் மற்றவர் உளி வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள்: இரு நாட்டுச் சிற்பிகள், நடுவில் ஒரு மரம், இரண்டு பாணியும் கலந்த ஓர் உருவம். படம் அழகாக இருக்கிறது என்பதில் தகராறு இல்லை. நடந்ததை அது சரியாகச் சொல்லவில்லை என்பதே என் கட்சி. இந்தச் சிற்பிகளிடையே கைமாறியவற்றில் உருவங்களும் கோலங்களும் மிகக் குறைவு. மரம் கைமாறியது. கருவியின் பயிற்சி கைமாறியது. வேலையைப் பெரிதாக எண்ணும் துணிவு கைமாறியது. தொழிலுக்கென்று ஒரு கூடம் கட்டி நடத்தும் வழி கைமாறியது. இவையும்கூட, வாங்கியவர் தலையில் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று ஏறிய இடங்களில்தான் வேர்பிடித்தன. கடன் ஏறாத இடங்களில் விழா நடந்தது, படம் எடுத்தார்கள், அதோடு சரி.

பொருள் கடல் கடப்பது வேறு, அதைச் செய்தவன் கடல் கடப்பது வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். 1790களில் ஹவாய்க்கு வந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், கவாய் தீவில் அறுபது அடிக்கு மேல் நீளமான ஒரு தோணியைக் கண்டு குறித்துவைத்தார். அது ஒற்றை மரத்தில் குடைந்தது. அந்த மரமோ தீவில் வளராத பைன் வகை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வேரோடு சாய்ந்து, நீரோட்டத்தில் மிதந்து வந்து ஒதுங்கிய மரம். அதற்கு இணையாக இன்னொன்றும் ஒதுங்கினால் இரட்டைத் தோணி செய்யலாம் என்று தீவினர் சில காலம் அதைச் செதுக்காமலே வைத்திருந்தார்களாம். இதற்கு நேர்மாறான சரக்கும் கடலில் வந்திருக்கிறது. இன்றைய வாஷிங்டன் மாநிலக் கரையில் மக்கா இனத்தாரின் ஓசெட் என்ற ஊர், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே மண்சரிவில் புதைந்துபோனது. 1970இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடந்த அகழாய்வில் அங்கே இரும்பு அலகுகள் கிடைத்தன. ஆசியக் கரையில் உடைந்த மரக்கலங்களின் துண்டுகளோடு அந்த இரும்பு மிதந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அமெரிக்க மரம் ஹவாய்க்குப் போயிற்று, ஆசிய இரும்பு அமெரிக்காவுக்குப் போயிற்று. ஆனால் செதுக்கிய கைகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. மாவோரிகளைப் பற்றித் தமிழர் அவையில் பேசும்போது இங்கே ஒரு மணியையும் சொல்லியாக வேண்டும். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற சமய ஊழியர், நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக ஒரு வெண்கல மணியைப் பயன்படுத்துவதைக் கண்டார். அது கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்து. இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒற்றை மணியின்மேல் நம்மவர் சிலர் எழுப்பும் மாளிகைகள் மிகப் பெரியவை. மணி போய்ச் சேர்ந்ததற்கு அது சான்று. மணியை வார்த்தவர் போனதற்குச் சான்று ஆகாது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற சொல்லை ஒதுங்கிய மரத்துக்கும் ஒதுங்கிய மணிக்கும் கொடுத்துவிட்டால், பிறகு மனிதர் மனிதரைச் சந்தித்துக் கடமைப்பட்டதைச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

அப்படிக் கடமைப்பட்ட கதைகளில் நான் முதன்மையாகக் கருதுவது ஹவாயிலோவா என்ற தோணியின் கதை. 1976இல் ஹோகுலேஆ என்ற இரட்டைத் தோணி, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரங்களையும் அலைகளையும் கொண்டே ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மவு பியைலுக். பயணம் பழைய முறை. தோணி மட்டும் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு கட்டியது. ஆகவே முன்னோர் கையாண்ட பொருள்களாலேயே ஒரு தோணி செய்ய வேண்டும் என்று 1980களின் இறுதியில் முயன்றார்கள். அதற்கு கோஆ மரம் வேண்டும். ஹவாய்த் தோணித் தச்சர்களின் மரம் அதுதான். மாதக்கணக்கில் காடுகளில் தேடினார்கள். தோணிக்கு ஆகும் அளவில், உள்ளே உளுத்துப்போகாத கோஆ மரம் இரண்டு கிடைக்கவில்லை. காரணத்தைத் தேடினால் நாம் முன்பு சந்தித்த அதே வான்கூவரிடம் போய் நிற்போம். 1793இல் அரசன் கமேஹமேஹாவுக்கு அவர் மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று அரசன் தடைபோட்டான். மாடுகள் பெருகின, காட்டுக்குள் புகுந்தன, கோஆவின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. பின்னால் வந்த மரவெட்டும் மேய்ச்சல் பண்ணைகளும் மிச்சத்தை முடித்தன. மிதந்து வந்த பைன் மரத் தோணியை வியந்து எழுதிய அதே மனிதர் கொடுத்த பரிசு, இருநூறு ஆண்டுக்குப் பின் ஹவாய்க்காரர்களை மீண்டும் வடமேற்குக் கரை மரத்தை நாட வைத்தது.

அலாஸ்காவின் தென்கிழக்கில் ட்லிங்கிட், ஹைடா, சிம்ஷியன் மக்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட சீயலாஸ்கா என்ற நிறுவனம் இருக்கிறது. அதன் தலைவராக அப்போது இருந்தவர் பைரன் மாலட் என்ற ட்லிங்கிட். ஹவாயிலிருந்து கேட்டபோது இரண்டு ஸிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களைத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ நானூறு ஆண்டு வயது, இருநூறு அடி உயரம். ஹவாயின் வழிகாட்டி நைனோவா தாம்சன் போய் மரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெட்ட வேண்டாம் என்று திரும்பி வந்தார். தங்கள் காட்டை அழியவிட்டுவிட்டு அடுத்தவர் காட்டில் கோடரி வைப்பது எப்படி என்பதே அவருடைய தயக்கம். ஹவாய்த் தீவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோஆ கன்றுகளை நடும் வேலை இதையொட்டித் தொடங்கியது. அதன் பிறகே ஸ்ப்ரூஸ் மரங்களை ஏற்றுக்கொண்டார்கள். தலைமைத் தச்சர் ரைட் போமன் ஜூனியர். அவருடைய மேற்பார்வையில் செதுக்கிய ஹவாயிலோவா 1993இல் கடலில் இறங்கியது. 1995இல் தஹிதி, மார்க்கேசஸ் தீவுகள்வரை போய்வந்த பிறகு அதைக் கப்பலில் ஏற்றி சியாட்டிலுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்து கரையோரமாக அலாஸ்காவின் ஜூனோவரை ஊர் ஊராகச் செலுத்தி, மரம் கொடுத்த மக்களுக்கு அந்த மரம் என்னவாயிற்று என்று காட்டிவிட்டு வந்தார்கள்.

இதில் கலை எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். தோணியின் வடிவம் முழுக்க ஹவாய் வடிவம். ஹைடாக்களின் காக்கையும் ட்லிங்கிட்டுகளின் கழுகும் அதில் வந்து அமரவில்லை. மரம் கொடுத்தவர்கள் அப்படி எதிர்பார்க்கவும் இல்லை. நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு தொழிலுக்கு மிக அடிப்படையானது பொருள். அந்தப் பொருள் போயிற்று. அதோடு ஒரு கடனும் போயிற்று. அந்தக் கடன் இரண்டு விதமாகத் தீர்ந்தது: காட்டைத் திரும்ப நட்டதில் பாதி, தோணியைத் திரும்பக் காட்டியதில் பாதி. அடுத்த கேள்வி இதைவிடக் கடுமையானது. சீயலாஸ்கா, 1971ஆம் ஆண்டின் அலாஸ்கா நில உடன்படிக்கைச் சட்டத்தால் உருவான ஒரு வணிக நிறுவனம். காட்டை மொட்டையடித்து மரம் விற்றதற்காகச் சொந்த மக்களிடமே கண்டனம் வாங்கியது. அப்படிப்பட்ட நிறுவனம் இரண்டு மரத்தைத் தானம் செய்ததில் என்ன பெருமை? இக்கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். நிறுவனத்தின் கணக்கில் அந்த இரண்டு மரங்கள் பெரிய செலவு அல்ல. நற்பெயர் என்ற வரவு உண்டு. ஆனால் கொடுத்தவரின் உள்நோக்கத்தைக் கொண்டு மட்டும் கொடையின் விளைவை அளக்க முடியாது. வாங்கியவர்கள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். மறுத்ததால்தான் ஹவாயில் கோஆ கன்று மண்ணில் இறங்கியது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் தோணி கிடைத்திருக்கும், கன்று நட்டிருக்க மாட்டார்கள்.

கடன் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு விடை வடமேற்குக் கரையின் சமூக அமைப்பிலேயே இருக்கிறது. ட்லிங்கிட் மக்கள் காக்கை, கழுகு என்ற இரு பெரும் பிரிவினர், ஹைடாக்களும் அவ்வாறே. மணம் எதிர்ப்பிரிவில்தான் செய்ய வேண்டும். மரபுப்படி, ஒரு வீட்டார் தூண் நிறுத்த விரும்பினால் அதற்கான வேலையையும் எதிர்ப்பிரிவினரிடம்தான் கொடுக்க வேண்டும். தூணில் நிற்கும் விலங்கும் கதையும் வீட்டாரின் சொத்து; செதுக்கும் கை மற்றவருடையது. தூண் நிமிர்ந்த நாளில் பொட்லாச் என்ற விருந்து நடக்கும். வேலை செய்தவருக்கும் வந்து பார்த்தவர்களுக்கும் வீட்டார் பொருளை வாரிக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அதனாலேயே சாட்சிகள் ஆகிறார்கள். மொய் நோட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். நம்மிடம் வந்தவர் கொடுக்கிறார், அங்கே அழைத்தவர் கொடுக்கிறார், அதுதான் வேறுபாடு. ஆக, அந்தக் கரையில் சிற்பம் என்பது ஆதியிலிருந்தே இருவருக்கு இடைப்பட்ட காரியம். தன் உருவத்தைத் தானே செதுக்கிக்கொள்ளும் தனிச்சிற்பி அந்த மரபுக்கு அந்நியம். உருவத்தின் உரிமை ஒருவரிடமும் உழைப்பு மற்றவரிடமும் இருக்கலாம் என்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு. அதனால்தான் தொலைதூரச் சிற்பியை விருந்தாளியாக ஏற்கும்போது, என் உருவத்தை எடுத்துக்கொள் என்று அவர்கள் சொல்வதில்லை; என் மரத்தை எடுத்துக்கொள், என் வீட்டில் தங்கு, நாளை நான் வருவேன் என்கிறார்கள். கனடா அரசு 1885 முதல் 1951வரை பொட்லாச்சைச் சட்டத்தால் தடைசெய்திருந்தது. தூண்கள் விறகாகவும் அருங்காட்சியகச் சரக்காகவும் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைவிட ஆழமான சேதம், கொடுத்துத் தீர்க்கும் அரங்கை மூடியது. கடன்பட வழியில்லாத சிற்பிக்குச் செதுக்கவும் காரணம் இல்லாமல் போனது.

1983இல் வான்கூவர் நகரத்துக்கு ஐனு சிற்பி ஒருவர் வந்து சில மாதம் தங்கினார். சுனாசாவா பிக்கி, 1931இல் அசாஹிகாவாவில் பிறந்தவர், ஐனுக்களின் கொடியை வடிவமைத்தவர். இளமையில் அக்கான் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காக மரவேலை செய்து விற்றவர், பிறகு நவீன சிற்பியாக வளர்ந்தவர். ‘ஐனு கலைஞர்’ என்ற சீட்டை ஒட்டித் தன்னை ஓர் அறையில் அடைப்பதை அவர் விரும்பவில்லை. வான்கூவரில் அவர் பழகிய பில் ரீட், தாய்வழி ஹைடா. வானொலி அறிவிப்பாளராக இருந்து நகைத்தொழில் கற்று, அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய வேலைகளைப் பார்த்துப் பார்த்துத் தன் மரபை மீட்டவர். ரீட்டின் ‘காக்கையும் முதல் மனிதர்களும்’ என்ற பெருஞ்சிற்பம் 1980 முதல் அங்குள்ள பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; நூற்றாறு மஞ்சள் சீடர் கட்டைகளை ஒட்டி அதில் செதுக்கியது. இருவரும் தங்கள் மக்களின் மரபை அரைகுறையாகப் பெற்று முழுமையாகக் கட்ட முயன்றவர்கள். பிக்கி திரும்பிப்போன பிறகு செய்தவற்றில் பெயர்பெற்றது 1986இல் சப்போரோ கலைப் பூங்காவில் நிறுத்திய ‘நான்கு காற்றுகள்’. ஹொக்கைடோ ஸ்ப்ரூஸ் மரத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான நான்கு தூண்கள், திறந்த வெளியில். பனியும் காற்றும் தொடர்ந்து உளி வைக்கட்டும் என்று பிக்கி அதற்குப் பராமரிப்பை மறுத்தார். 2010களில் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. பூங்காவினர் அவர் விருப்பப்படியே விழுந்ததை விழுந்தபடி விட்டார்கள்.

அந்தத் தூண்களில் ஹைடா உருவம் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. கண்ணும் அலகும் கோத்த அந்தக் கரையின் கோடுகள் அங்கே இல்லை. அப்படியானால் என்ன வந்தது? அளவு வந்தது. ஆள் உயரத்தை விஞ்சி நிற்கும் மரம், வெளியில் நின்று மழையில் நனைந்து முதுமையடைந்து விழுவதே அதன் வாழ்க்கை என்ற ஒப்புதல், இவற்றை ஹைடா குவாய் தீவுகளின் பழைய ஊர்கள் கண்முன் காட்டுகின்றன. பொருளுக்கும் உயிர் உண்டு, பயன் முடிந்தால் அதை மரியாதையோடு அனுப்பிவைக்க வேண்டும் என்ற எண்ணம் ஐனுக்களிடமும் பழையதுதான். வான்கூவர் பயணம் பிக்கிக்குப் புதிய கருத்தைக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. தன்னிடம் இருந்த கருத்தை மரத்தின் முழு உயரத்துக்குச் சொல்லலாம் என்ற துணிவை அது கொடுத்தது. என் வாதத்தின் மறுபாதிக்கு, அதாவது கடனுக்கு, இந்தச் சான்று முழுதாக ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிக்கி 1989 தொடக்கத்தில் இறந்துபோனார். வழி ஒரு மனிதரோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. மாவோரிகளுக்கும் வடமேற்குக் கரைக்கும் இடையே உருவானதுபோல் அது கட்டடமாகவும் கூடமாகவும் வளரவில்லை. பெரிய சிற்பம் பிறக்க ஒரு நட்பு போதும். மரபு நிலைக்க அது போதாது.

இங்கே தூய்மைவாதியின் எதிர்ப்பு வரும். அந்நியக் கை பட்டால் மரபு கெட்டுவிடும் என்பார். அவருக்கு ஹொக்கைடோவின் மரக்கரடியைக் காட்ட விரும்புகிறேன். சால்மன் மீனைக் கவ்விய கரடி பொம்மையை ஜப்பானில் பலர் வீட்டில் பார்க்கலாம். ஐனுக் கைவினையின் அடையாளமாகவே அதை நினைக்கிறார்கள். அதன் ஒரு வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. தோக்குகாவா யோஷிசிகா என்ற பிரபு 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயணத்தில் சுவிஸ் உழவர்கள் செதுக்கி விற்கும் மரக்கரடிகளைக் கண்டு வாங்கிவந்தார். ஹொக்கைடோவின் யாகுமோவில் இருந்த தன் பண்ணைக் குடியேறிகள் பனிக்காலத்தில் சும்மா இராமல் நாலு காசு பார்க்கட்டும் என்று அதைக் காட்டினார். 1924இல் அங்கே முதல் கரடி செதுக்கப்பட்டது. அசாஹிகாவாவில் மட்சுயி உமெதாரோ என்ற ஐனு வேட்டைக்காரர் தன் அனுபவத்திலிருந்து கரடி செதுக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். இரு ஓடைகளும் சுற்றுலாச் சந்தையில் கலந்தன. கரடி ஐனுக்களுக்கு மலையிலிருந்து வரும் தெய்வம். அதை விளையாட்டுப் பொருள்போல் செதுக்குவது தகுமா என்ற தயக்கம் அவர்களிடையே இருந்தது. பிக்கி போன்றவர் கத்தி பழகியதும் இதே சந்தைக்காகத்தான். ஆகவே தூய்மைவாதி கெட்டது என்று சொல்லும் வழியே மரபின் திறமையைப் பசியிலிருந்து காத்தது. ஆனால் தூய்மைவாதி சொல்வதில் ஒரு பங்கு உண்மையும் உண்டு. சுவிஸ் கரடியோடு சுவிஸ் சிற்பி வரவில்லை; வந்தது மாதிரி மட்டும். மாதிரி மட்டும் வந்த இடத்தில் ஒரே கரடி ஆயிரக்கணக்கில் பெருகிற்று. உருவம் தனியாகப் பயணம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மாவோரிகளின் வரலாறு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1920களில் மாவோரிச் சிற்பம் பல பகுதிகளில் அணையும் நிலையில் இருந்தது. மாவோரி அரசியல் தலைவர் அபிரானா நாட்டா 1926இல் சட்டம் வரச் செய்து, 1927இல் ரோட்டோருவாவில் சிற்பப் பள்ளியைத் திறந்தார். அங்கே சேர்ந்த பைன் தையாபா என்ற இளைஞருக்கு உளி வேலை வசப்பட்டது. வாய்ச்சியால் வெட்டும் பழைய முறையைச் சொல்லித்தரப் பள்ளியில் ஆள் இல்லை. வேறு குடியைச் சேர்ந்த எராமிஹா காப்புவா என்ற முதியவரிடம் அது இன்னும் உயிரோடு இருந்தது. அவரைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டார். வாய்ச்சி மரத்தை வேகமாக, ஆழமாகக் கழிக்கும்; உளியால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு கூடத்துக்கான பலகைகள் ஆண்டுக்கணக்கில் முடியாது. ஒரு கருவியின் பயிற்சி ஒரு குடியிலிருந்து இன்னொரு குடிக்குக் கைமாறியதால்தான் அடுத்த சில பத்தாண்டுகளில் நியூசிலாந்து முழுவதும் சிற்பக் கூடங்கள் எழுந்தன. 1940இல் வைத்தாங்கியில் திறந்த கூடத்தில் பல குடிகளின் பாணிகள் தனித்தனித் தூண்களாக நிற்கின்றன, ஒன்றாகக் கலக்கவில்லை. நாட்டாவின் பள்ளி ரோட்டோருவா வட்டாரப் பாணியையே சரியானது என்று நாடெங்கும் பரப்பி, வட்டார வேறுபாடுகளைத் தேய்த்துவிட்டது என்ற குற்றச்சாட்டு உண்டு. அது பொய்யல்ல. பள்ளி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பாடத்திட்டம் வரும், பாடத்திட்டம் வந்தால் விளிம்புகள் தேயும். இருந்தும், தேய்ந்த விளிம்பை மீட்க ஆள் இருக்கிறார்கள். அணைந்த வாய்ச்சியை மீட்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளியின் வாரிசான நிறுவனத்தில் பயின்றவர் மாவோரிச் சிற்பி லயனல் கிராண்ட். வடமேற்குக் கரையின் தால்தான்-ட்லிங்கிட் சிற்பி டெம்ப்சி பாபோடு அவருக்கு நீண்ட நட்பு. பாபின் ஆசிரியை ஃப்ரீடா டீசிங் என்ற ஹைடாப் பெண்மணி. மாவோரி மரபில் மரச்சிற்பம் ஆண்களின் தொழிலாகவே கருதப்படுகிறது. பெண்ணிடம் தொழில் கற்றவரும் பெண் உளி தொடாத மரபிலிருந்து வந்தவரும் பல ஆண்டுகள் நண்பர்களாக இருக்கிறார்கள். ஒருவர் வழக்கத்தை மற்றவர் மேல் சுமத்தவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் எவர்கிரீன் கல்லூரியில் 1995இல் தொல்குடியினரின் நெடுவீடு ஒன்றைத் திறந்தார்கள். 2001இல் பசிபிக் கரையெங்குமுள்ள தொல்குடிக் கலைஞர்கள் அங்கே கூடினார்கள். 2012இல் அதன் அருகில் ஒரு செதுக்குக் கூடம் எழுந்தது. அந்தக் கலை வளாகத்தைத் திட்டமிட்டதில் கட்டடக் கலைஞர் ஜான்பால் ஜோன்ஸோடு கிராண்டுக்கும் பங்கு உண்டு. மாவோரிச் சிற்பியிடமிருந்து அமெரிக்கத் தொல்குடியினர் பெற்றதில் பெரும்பங்கு இதுதான்: சிற்பிகள் தங்கி, உண்டு, செதுக்கி, கற்பிக்க ஒரு வீடு.

இவையெல்லாம் அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் போட்ட பணத்தில் நடந்தவைதானே, இதில் தொல்குடிகளின் சொந்த விருப்பம் எங்கே என்பது இன்னொரு ஆட்சேபம். பணத்தின் கை நிச்சயமாகத் தெரிகிறது. வான்கூவரின் ஸ்பிரிட் ரெஸ்லர் கலைக்கூடம் 2003இலும் 2006இலும் மாவோரி, வடமேற்குக் கரைக் கலைஞர்களைச் சேர்த்துக் கண்காட்சி நடத்தியது. கலைக்கூடத்துக்கு வேண்டியது விற்பனை. 1994இல் பாப்புவா நியூகினியின் சேபிக் ஆற்றுப் பகுதியிலிருந்து குவோமா, யத்முல் இனச் சிற்பிகள் பத்துப் பேரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் அங்கேயே தங்கி மரமும் கல்லும் செதுக்கினார்கள்; வளாகத்திலிருந்த ரோதானின் சிற்பங்களைத் தங்கள் பாணியில் மறுபடி செய்தும் காட்டினார்கள். உருவம் கைமாறுவதை விரும்புகிறவர்களுக்கு இதைவிட இனிய காட்சி கிடையாது. செதுக்கியவை வளாகத்துத் தோட்டத்தில் நிற்கின்றன. சிற்பிகளுக்குப் பெருமையும் கிடைத்தது. ஆனால் அழைத்தவர்கள் தலையில் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை; ஆகவே ஹவாயிலோவாவின் கதையோடு இதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே அருங்காட்சியக உலகத்திலேயே எதிர்ச்சான்றும் இருக்கிறது. ஹைஸ்லா மக்களின் குலத்தலைவர் க்ப்ஸ்கோலோக்ஸ் 1872இல் நிறுத்திய ஒன்பது மீட்டர்த் தூண், 1929இல் ஸ்வீடனுக்குப் போயிற்று; பிரின்ஸ் ரூப்பர்ட்டில் இருந்த ஸ்வீடன் துணைத்தூதர், தொல்குடியினரைக் கவனித்த கனடா அரசின் ‘இந்தியர்’ நலத்துறையின் அனுமதி பெற்று அனுப்பினார். 1991இல் ஹைஸ்லாக்கள் ஸ்டாக்ஹோமுக்குப் போய்த் திருப்பிக் கேட்டார்கள். வழக்காடியிருக்கலாம், கண்டித்திருக்கலாம். அவர்கள் சொன்னது வேறு: உங்களுக்குப் புதிய தூண் ஒன்றை நாங்கள் செதுக்கித் தருகிறோம். பொருளைப் பறிகொடுத்தவரே பதிலுக்கும் கொடுப்பதா என்று நமக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கணக்கு நுட்பமானது. கொடையை ஏற்ற கணத்தில் அருங்காட்சியகம் கடனாளி ஆகிவிட்டது. 1994இல் ஸ்வீடன் அரசு இசைந்தது. 2000இல் ஹைஸ்லாச் சிற்பிகள் ஸ்டாக்ஹோமில் மக்கள் முன்னிலையில் புதிய தூணைச் செதுக்கி முடித்தார்கள். இன்னொன்று ஊரில் நிமிர்ந்தது. 2006இல் பழைய தூண் ஹைஸ்லாக்களின் ஊரான கிட்டமாட்டுக்குத் திரும்பியது. அந்தத் தூண்களைச் செதுக்கியதில் முதிய சிற்பி ஹென்ரி ராபர்ட்சனிடம் அடுத்த தலைமுறை தொழில் கற்றது. பணம் யாருடையது என்பதைவிட நிபந்தனை யாருடையது என்பதே முக்கியம் என்று இதை வைத்துச் சொல்வேன்.

‘தொல்குடி’ என்ற சொல்லே அரசுகளும் ஐ.நா. சபையும் கொடுத்த பொதுப்பெயர், ஐனுவுக்கும் மாவோரிக்கும் உண்மையில் பொதுவாக எதுவும் இல்லை என்பாரும் உண்டு. மொழி, தெய்வம், மரம், கருவி எல்லாம் வேறு என்பது சரி. பொதுவாக இருப்பது ஒரு பறிமுதல் அனுபவம். நிலம், காடு, விழா, கற்பிக்கும் உரிமை ஆகியவற்றைத் தனித்தனியே இழந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்கும் கேள்விகள் நடைமுறைக் கேள்விகளாக இருக்கின்றன: மரம் எங்கே வாங்குகிறாய், அனுமதி யார் தருகிறார், பையன்கள் கற்க வருகிறார்களா. அவர்கள் சந்திப்பில் உருவங்கள் குறைவாகவும் இந்தக் கேள்விகள் அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பல்கலைக்கழகங்களும் கைவினை வாரியங்களும் அயல்நாட்டுச் சிற்பிகளை அழைத்துப் பட்டறை நடத்தும்போது அழைப்பிதழும் சான்றிதழும் அச்சாகும் முன்பே ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேருங்கள். எந்த மரம், யார் காட்டு மரம், அதற்குப் பதிலாக எங்கே நடப்போகிறோம் என்பது ஒன்று. நம் சிற்பி அவர்கள் ஊருக்குப் போகும் ஆண்டும், அந்தப் பயணச்செலவை ஏற்பவர் பெயரும் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நிதி ஒதுக்க முடியாவிட்டால், அந்தப் பட்டறையை நடத்தாமல் இருப்பதே நல்லது.